திரும்பி வந்த சிப்பாயும் ஓரறை வீடும்: போர் மனவடுவைக் குடும்பம் தாங்கும் முறை

போர்முனையிலிருந்து மனவடுவோடு திரும்பும் சிப்பாயின் நோய்க்குறிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் தெரியவருகின்றன. நள்ளிரவில் அலறி எழுதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடல், கூட்டத்தைக் கண்டால் விலகல், மனைவி மக்களிடம்கூட மரத்துப்போன மனநிலை, காரணம் புலப்படாத சினம் ஆகியவற்றை மருத்துவருக்கு முன்பே அறிபவர்கள் வீட்டார். 1915இல் சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' என்று எழுதியபோதும், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றபோதும், ஆராயப்பட்டவர் சிப்பாய் ஒருவரே. குடும்பம் பின்னணியாகவே நின்றது. வீட்டமைதிக்காகக் குடும்பம் செய்யும் விட்டுக்கொடுப்புகள் பல நேரங்களில் நோயை நீட்டிக்கின்றன என்பதும், அதற்கு மாற்றான வழியைச் சட்டமும் மருத்துவ அமைப்பும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விட்டுக்கொடுப்பு பல வடிவம் கொள்ளும். குழந்தைகளைச் சத்தம் போடாதே என்று அடக்குவது, கல்யாணம் காதுகுத்துக்கு அவரை விட்டுவிட்டுப் போவது, வந்தவர் கேட்டால் 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்று மனைவியே பதில் சொல்லிவிடுவது, தீபாவளி இரவில் கதவையும் சன்னலையும் அடைத்துவைப்பது எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொன்றும் அன்றைய இரவைக் காப்பாற்றுகிறது. ஆனால் அச்சத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அது வேரூன்றும் என்பது இந்நோயின் இயல்பு. வெடிச்சத்தம் கேட்டும் தீங்கு நேரவில்லை என்று மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போகிறது. அதற்காக வலுக்கட்டாயமாகச் சந்தைக்கு இழுத்துப்போவதும் பயன் தராது. படிப்படியாகவும் துணையோடும் செய்ய வேண்டிய பயிற்சி அது. மனைவியின் நிலையும் மாறுகிறது. 1982 லெபனான் போரில் ஈடுபட்ட இஸ்ரேலியச் சிப்பாய்களின் மனைவியரை ஆராய்ந்த சஹாவா சாலமன், கணவரின் வடு மனைவியரிடமும் உளநலக் குறிகளாகப் படிவதைக் காட்டினார்.

மும்பையில் இடநெருக்கடி இந்தச் சுமையைக் கூர்மையாக்குகிறது. காட்கோபர் மேற்கில் அசல்பா மலைச்சரிவிலும் அதையொட்டிய சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளிலும் ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்வது வழக்கம். குடிசை மறுவாழ்வுத் திட்டம் தந்த வீட்டின் பரப்பே முதலில் 225 சதுர அடி, பிறகு 269, இப்போது 300. சினம் மூளும்போது ஒருவர் சற்று விலகி வேறு அறைக்குப் போகலாம் என்று மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும் அறிவுரை இங்கே பொருந்தாது. விலகுபவர்கள் வீட்டாராகத்தான் இருக்கிறார்கள்: பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பார்கள், மனைவி குழாயடியில் நேரத்தைக் கழிப்பார். இன்னொன்றும் உண்டு. சிப்பாய்கள் பலரும் நாற்பதை ஒட்டிய வயதில் ஓய்வுபெற்று, இந்நகரில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். இரவுப் பணி அவர்களுடைய உறக்கமின்மைக்கும் ஓயாத எச்சரிக்கைக்கும் கச்சிதமாகப் பொருந்துவதால், நோய் வேலைத்திறனாகத் தோற்றம் தந்து பல ஆண்டுகள் மறைந்துகிடக்கலாம். ராணுவ கேன்டீனின் மலிவான ரம் மறைவுக்கு இன்னொரு திரை. கேன்டீன் கார்டை மனைவி எடுத்து வைத்துக்கொள்வது இவ்வகைக் குடும்பங்களில் எடுக்கக்கூடிய மிக நேரடியான முடிவுகளில் ஒன்று.

தமிழ்ச் சிப்பாய்களில் ஒரு தலைமுறைக்கு இவற்றோடு இன்னொரு மௌனமும் சேர்ந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை நடத்தத் தொடங்கிய போர், 1990 மார்ச்சில் அப்படை விலக்கப்பட்டதோடு முடிந்தது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்தனர். அப்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் இருந்தன. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊர்களில் போரிட்டார். திரும்பியபோது தமிழ்நாட்டின் பொதுமனம் எதிர்ப்பக்கம் நின்றது. சென்னையில் இறங்கிய படைகளை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. அந்த அரசியல் முடிவின் சரி தவறு வேறு விவாதம். 1999 கார்கில் போரிலிருந்து திரும்பியவருக்குத் தெருமுனையில் மாலை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பியவருக்கோ உறவினர் வீட்டில்கூட எங்கே இருந்தேன் என்று சொல்லத் தயக்கம். சமூகம் ஏற்காத போரின் நினைவைக் குடும்பமும் பேச்சிலிருந்து விலக்கிவிட, தவிர்ப்பு இரட்டிப்பாகிறது.

இதற்கு நேர்மாறான நிலை இலங்கையின் வன்னியில் காணப்பட்டது. 2009 மே மாதத்துக்குப் பின் இலங்கை அரசு புனர்வாழ்வு முகாம்களில் வைத்திருந்து விடுவித்த முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்கள் திரும்பிய வீடுகளும் அதே ஷெல்லடியை அனுபவித்தவை. எனவே அங்கே விளக்கம் தேவைப்படவில்லை, ஆனால் தாங்குவதற்கு வலுவுள்ள ஆளும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்நிலையைக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கும் கூட்டுவடுவாக விளக்கினார். சடங்கு, கோயில், ஊர்க்கூட்டம் ஆகியவற்றின் மீட்சியையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதினார். மும்பைத் தமிழ்க் குடும்பம் மருத்துவரிடம் போகுமுன் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதையும் கயிறு மந்திரித்துக் கட்டுவதையும் அறியாமை என்று தள்ளுவது இந்த நோக்கில் அவசரமாகும். வழிபாடு வீட்டாரை ஒன்றுசேர்க்கும் வரை அது துணை; மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டுமே தடை.

இந்தியச் சட்டம் கணக்கில் எடுப்பது வேறு. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு நோய் படைப்பணியால் ஏற்பட்டதென்றோ அதிகரித்ததென்றோ நிலைநாட்டப்பட வேண்டும். ஊன அளவு பொதுவாக 20 விழுக்காடு எட்ட வேண்டும். பணியில் சேரும்போது நோய் குறிக்கப்படாதிருந்தால் அது பணியால் வந்ததென்றே கொள்ளப்படும், மறுத்து நிறுவும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. இது பெரிய ஆதாயம். ஆயினும் மெடிக்கல் போர்டு மதிப்பிடுவது சிப்பாயின் உடல் மன இழப்பை மட்டுமே. அவரைக் கவனிக்க மனைவி விட்ட வேலை கணக்கில் வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ நோயாளி நியமிக்கும் பிரதிநிதியை ஏற்று, குடும்பத்துக்கு ஒரு சட்டத்தகுதி பெறும் வழியைத் திறந்தது.

குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்க்கும் மாற்று வழி இந்தியாவுக்குப் புதிதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளியின் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைத் தொடக்கக் காலத்திலேயே கைக்கொண்டது. மனவடுவுக்குக் கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே அமர்த்தும் 15 அமர்வுச் சிகிச்சையை கேண்டிஸ் மான்சன் குழு சோதித்து 2012இல் வெளியிட்டது. நோய்க்குறிகள் குறைந்ததோடு உறவில் மனநிறைவும் கூடியது. தவிர்ப்பை இருவரும் சேர்ந்து சிறிது சிறிதாகக் கைவிடுவதே அதன் உட்கரு. மும்பையில் முன்னாள் படையினருக்குக் கொலாபாவின் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையும், 2003 முதல் இயங்கும் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் உள்ளன, திட்டத்தில் மனைவியும் பயனாளி. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். படையினருக்கும் குடும்பத்தினருக்கும் அதன் தனிப் பிரிவொன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. காட்கோபரிலிருந்து கொலாபாவுக்கு ரயிலும் பஸ்ஸுமாக மாறிப் போக வேண்டிய ஒருவருக்கு, குறைந்தது முதல் உரையாடலுக்கேனும் தொலைபேசி எளிது.

இணைந்த சிகிச்சைக்கும் வரம்புண்டு. அடி உதை நடக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது மனைவியை மேலும் ஆபத்தில் தள்ளும். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். கணவர் போரில் பட்டது அவர் கை ஓங்குவதை விளக்கலாம், அதைத் தாங்கும் கடமையை மனைவிக்கு உண்டாக்காது. குடிநோய் முற்றியிருந்தால் அதன் சிகிச்சையும் மனவடுச் சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றது என்று காத்திருக்கும் வீடுகளில் இரண்டுமே பாதியில் நின்றுவிடுகின்றன.