புகலிடமும் நீதிமன்றும்: போர்க்குற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அடைக்கலம் புகுந்தாரைக் காத்தல் அறங்களுள் தலையாயது என்பது நம் முன்னோர் துணிபு. பருந்துக்கு அஞ்சித் தன்பால் வந்த புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையை அறியாதார் நம்முள் இலர். எனினும், அக்கதையில் அடைக்கலம் புகுந்தது புறாவே. புறாக்கள் பலவற்றைக் கொன்ற பருந்தொன்று, காலம் மாறியபின் தானும் துரத்தப்பட்டு அதே அரண்மனை வாயிலை அடைந்திருப்பின், அரசன் யாது செய்திருத்தல் வேண்டும்? இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் பலவற்றைத் திகைக்கவைத்தது. போர்க்குற்றஞ் செய்தாரென ஐயுறப்படுவோர் அயல்நாட்டிற் புகலிடம் தேடும்போது அந்நாட்டின் கடமை யாது என்பதனை, சிறப்பாக ஒல்லாந்தின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு, ஈண்டு ஆராய்வாம்.

முதலாம் உலகப் பெரும்போர் முடிவுற்ற தறுவாயில், 1918ஆம் ஆண்டு நவெம்பர் 10ஆந் திகதி, ஜேர்மனியப் பேரரசர் கைசர் இரண்டாம் வில்லியம் ஒல்லாந்தின் எல்லையைக் கடந்து அந்நாட்டிற் புகுந்தார். போரில் நடுநிலை வகித்த அந்நாடு அவருக்குத் தஞ்சம் அளித்தது. 1919 யூன் 28இற் கைச்சாத்திடப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையின் 227ஆம் உறுப்புரை, அனைத்துலக ஒழுக்கத்துக்கும் உடன்படிக்கைகளின் புனிதத்துக்கும் மாறாகப் பெருங்குற்றம் புரிந்தாரெனக் கைசர்மீது குற்றஞ் சாட்டியது. ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி, யப்பான் ஆகிய ஐந்து வல்லரசுகளும் ஒவ்வொரு நீதிபதியை நியமிக்க, அவ்வைவரும் அவரை விசாரித்தல் வேண்டுமென்பது ஏற்பாடு. 1920 சனவரியில் நேச நாடுகள் அவரை ஒப்படைக்குமாறு ஒல்லாந்தைக் கேட்டன. ஒல்லாந்து மறுத்தது.

மறுப்புக்கு அந்நாடு கூறிய காரணங்கள் கருதத்தக்கன. தான் வேர்சாய் உடன்படிக்கையிற் சேர்ந்த நாடன்று என்பது ஒன்று. போர்களிலே தோல்வியுற்றார்க்குப் புகலிடம் அளித்தல் தன் நாட்டின் நெடுங்கால மரபு என்பது மற்றொன்று. இவற்றோடு அமையாது, எதிர்காலத்தில் உலக நாடுகள் ஒன்றுகூடி, குற்றம் நிகழ்வதற்கு முன்னரே சட்டத்தை வகுத்து, அதன்படி விசாரிக்கவல்ல அனைத்துலக மன்றொன்றை நிறுவுமாயின் தானும் அதனோடு இணைதல் தகும் என்றும் அந்நாடு குறிப்பிட்டது. வென்றவர் தாமே சட்டம் இயற்றித் தாமே தீர்ப்பளித்தல் நீதியாகாது என்பதே இதன் உட்கருத்தாகும். அது நேரிய வாதமே. ஆயினும் அதன் விளைவு யாது? கைசர் 1920இல் டோர்ன் என்னும் ஊரிலுள்ள மாளிகைக்கு இடம்பெயர்ந்து, 1941 யூன் 4இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். எந்த மன்றின் முன்னும் அவர் நிறுத்தப்படவில்லை.

ஏனையோர்பற்றிய வரலாறும் இதனினும் சிறந்ததன்று. ஏறத்தாழ 900 பேரை ஒப்படைக்குமாறு நேச நாடுகள் ஜேர்மனியைக் கோரின. ஈற்றில் ஜேர்மனியின் உயர் மன்றே லைப்சிக் நகரில் அவர்களை விசாரிக்கலாமென இணங்கின. 1921இல் நேச நாடுகள் முன்வைத்த வழக்குகளில் விளக்கத்துக்கு வந்தோர் 12 பேர். குற்றவாளிகளாகக் காணப்பட்டோர் அறுவர். மருத்துவக் கப்பலொன்றை மூழ்கடித்தபின் உயிர்காப்புப் படகுகளில் இருந்தோரையும் சுட்ட வழக்கில், கடற்படை அதிகாரிகள் இருவர் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர்; அவர்களும் சிறையினின்று தப்பினர். ஆயினும் வெளிப்படையாகச் சட்டத்துக்கு மாறான கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோன் அக்கட்டளையைக் காட்டித் தப்பமுடியாது என்று அம்மன்று உரைத்த கோட்பாடு நிலைபெற்றுவிட்டது.

அதே ஆண்டிற் பேர்ளின் நகரில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி உலகின் கண்ணைத் திறந்தது. ஆர்மீனிய மக்களின் பேரழிவுக்குப் பொறுப்பாளியெனக் கருதப்பட்ட துருக்கியத் தலைவர் தலாத் பாஷா 1918 நவெம்பரில் நாட்டைவிட்டு ஓடிப் பேர்ளினில் மறைந்து வாழ்ந்தார். 1919இற் கொன்ஸ்தாந்திநோபிளில் இராணுவ மன்று, அவர் முன்னிலையில் இல்லாதபோதும், மரணதண்டனை விதித்தது. ஜேர்மனி அவரை ஒப்படைக்கவுமில்லை, தானே விசாரிக்கவுமில்லை. 1921 மார்ச் 15இல் சொகோமன் தெலிரியன் என்னும் ஆர்மீனிய இளைஞர் அவரை நடுத்தெருவிற் சுட்டுக்கொன்றார். யூன் மாதத்தில் இரு நாள் விசாரணையின் பின் யூரிமார் அவ்விளைஞரை விடுதலை செய்தனர். ஒருவனைக் கொன்றவன் விசாரிக்கப்படுகின்றான். ஓரினத்தையே அழித்தவனை விசாரிக்கச் சட்டமில்லையா என்னும் கேள்வி அந்நாளில் ரபேல் லெம்கின் என்னும் மாணவரின் உள்ளத்தைத் தைத்தது. பிற்காலத்தில், 1944இல், இனப்படுகொலை என்னும் குற்றத்துக்குப் பெயரிட்டவர் அவரே.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. மன்று செய்யத் தவறிய பணியைத் துப்பாக்கி மேற்கொள்ளும். அன்றேல் ஒருவரும் மேற்கொள்ளார். இரண்டும் நீதியல்ல.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் உலகம் இக்குறையை நீக்க முற்பட்டது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவாச் சமவாயங்கள், கொடிய மீறல்களைச் செய்தாரைத் தேடிக் கண்டு, தம் மன்றின் முன் நிறுத்துதல் அல்லது வேறொரு நாட்டிடம் ஒப்படைத்தல் அரசுகளின் கடமையென விதித்தன. 1951 யூலை 28இல் எழுந்த அகதிகள் சமவாயம், போர்க்குற்றமோ மானிடத்துக்கெதிரான குற்றமோ புரிந்தாரெனக் கருதுவதற்குப் பாரதூரமான காரணங்கள் உளவாயின், அவர் அகதியெனும் பாதுகாப்புக்கு உரியரல்லர் என முதலாம் உறுப்புரையிலேயே வரையறுத்தது. அகதிகளை உண்டாக்கியோர் அகதிகளின் வரிசையில் வந்து நிற்றல் ஆகாது என்பதே அதன் நோக்கம்.

எனினும் இவ்விதியால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. புகலிடம் மறுக்கப்பட்டவரைச் சித்திரவதை செய்யப்படக்கூடிய நாட்டுக்குத் திருப்பியனுப்புதலைப் பிற மனித உரிமைச் சமவாயங்கள் தடுக்கின்றன. எனவே அவரை ஏற்கவும் இயலாது, அனுப்பவும் இயலாது. மேலும், புகலிடம் வேண்டுவோன் தன் வரலாற்றை முற்றும் உண்மையாகக் கூறக் கடமைப்பட்டவன்; எதிரிக் கூண்டில் நிற்போனோ வாய்வாளாதிருக்கும் உரிமையுடையவன். ஒருவரே இவ்விருவருமாக நிற்கும்போது, முன்னதிற் சொன்னது பின்னதிற் சான்றாகலாமோ என்பது சட்டவறிஞரிடை எழுந்த வினா.

இச்சிக்கலுக்கு விடைகண்ட நாடுகளுள் முன்நிற்பது, அன்று கைசரை ஒப்படைக்க மறுத்த அதே ஒல்லாந்தாகும். அப்கானித்தானத்து இராணுவப் புலனாய்வுப் பிரிவின் முன்னாள் அதிகாரிகள் இருவர் 1990களில் அங்கே புகலிடம் கேட்டனர். அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. ஆயின் அம்மறுப்போடு அரசு வாளாவிருக்கவில்லை. 1980களிற் காபூலில் நிகழ்ந்த சித்திரவதைகள் தொடர்பாக அவர்கள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2005 ஒக்டோபர் 14இல் ஹேக் நகர மன்று ஒருவருக்கு 12 ஆண்டும் மற்றவருக்கு 9 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது. அதே பிரிவைச் சேர்ந்த மூன்றாமவர் ஒருவரும் விசாரிக்கப்பட்டார். குற்றம் போதிய சான்றால் நிறுவப்படாமையால் 2007இல் அவர் விடுவிக்கப்பட்டார். 2009இல் மேன்முறையீட்டு மன்றும் அதனை உறுதிசெய்தது.

தண்டனைகளைப் போன்றே இவ்விடுதலையும் போற்றத்தக்கது. புகலிடம் மறுக்கும் அதிகாரிக்குப் பாரதூரமான காரணம் போதும். தண்டிக்கும் நீதிபதிக்கோ ஐயத்துக்கு இடமற்ற சான்று வேண்டும். இவ்விரு அளவுகோல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மறந்து, ஐயத்தையே தீர்ப்பாகக் கொள்ளுதல் அநீதி. தோற்ற தரப்பிலே பிறந்தமை, ஒரு படையிலே பெயர் பதிந்தமை ஆகியன மட்டும் ஒருவனைக் குற்றவாளியாக்கா. போரிற் சிதறிய மக்கள் பலரின் உயிர் இவ்வேறுபாட்டிலே தங்கியுள்ளது.

1920இல் ஒல்லாந்து எதிர்பார்த்த அனைத்துலக மன்று, 2002ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஹேக் நகரிலேயே அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றாகப் பணி தொடங்கியது. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின் நிறைவேறிய எண்ணம் அது. ஆயினும் அம்மன்று விசாரிப்பவர் மிகச் சிலரே. எஞ்சியோர்பற்றிய பொறுப்பு, அவர் தஞ்சம் புகும் நாடுகளின் சாதாரண மன்றுகளையே சார்கின்றது. கதவை மூடிவிடுதல் எளிது. கண்ணை மூடிக்கொண்டு திறத்தலும் எளிது. வாயிலில் நிற்பது புறாவா பருந்தா என்பதைச் சான்றுகொண்டு தேர்ந்து, இரண்டுக்கும் உரிய முறையைச் செய்தலே அரிது. அவ்வரிய பணியைச் செய்யும் நாடே புகலிடம் என்னும் அறத்தையும் நீதி என்னும் அறத்தையும் ஒருங்கே காத்த நாடாகும்.