ஆலை வாசலுக்கு வெளியே உள்ள நேரம்: அரியலூர், பெரம்பலூர் தொழில் வரலாற்றிலிருந்து

வேலைக்கும் வீட்டுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது தனியாளின் சாமர்த்தியம் என்பதுபோல் இன்றைய நிறுவனப் பயிற்சி வகுப்புகள் பேசுகின்றன. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1918இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டபோது, அவர்களுடைய முதல் குறைகளுள் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. பஞ்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று 1911இல் வரையறுத்த சட்டம், 1922இல் வாரத்துக்கு 60, 1934இல் 54, 1946இல் 48 என்று படிப்படியாக இறங்கியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அந்த 48ஐ நிலைநிறுத்தி, ஓ.டி.க்கு இரட்டைக் கூலியும் விதித்தது. இவை கூட்டாகப் போராடிப் பெற்றவை. ஆனால் இந்தச் சட்டங்கள் அனைத்தும் எண்ணியது ஆலை வாசலுக்குள் கழியும் நேரத்தை மட்டுமே. அந்தக் கணக்கில் விடுபட்டது எது என்பதை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் தொழில் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இந்த வட்டாரத்துக்கு ஷிப்ட் வாழ்க்கையைக் கொண்டுவந்தது சுண்ணாம்புக்கல். 1939இல் பக்கத்து டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை எழுந்தது. அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979இல் வந்தது. ஆலத்தியூர் ஆலை 1997இல். சிமென்ட் சூளை ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுழல்வது. அதை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. ஆறவிட்டால் உள்ளே பதித்த செங்கல் விரிசல் காணும், மறுபடி சூடேற்ற எரிபொருள் வீணாகும். ஆகவே இரவு வேலை அங்கே முதலாளியின் விருப்பம் மட்டுமல்ல, சூளையின் தேவையும்கூட. சூளையடியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரவு நேர சி ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்கப் பிள்ளைகளை அதட்டி அடக்கியதும், அவர் இல்லாத வேளையில் மாட்டையும் கொல்லையையும் பார்த்ததும் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்பு எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆண்களின் ஷிப்ட் வாழ்க்கை தாங்கக்கூடியதாக இருந்ததற்கு அதுவே காரணம் என்பேன்.

காலணி ஆலைகள் வந்ததும் நிலைமை தலைகீழானது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டி, ஓராண்டுக்குள் க்ராக்ஸ் காலணி உற்பத்தி தொடங்கியது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் அருகே மகிமைபுரத்தில் இன்னொன்றுக்கு அடிக்கல். இத்தொழில் பெருமளவு நம்புவது பெண்களை. இங்கே அணையக் கூடாத சூளை ஏதுமில்லை. தையல் வரிசையை மாலையில் நிறுத்தினால் எதுவும் கெட்டுவிடாது. நெருக்குவது கப்பலேறும் தேதியும், மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட்டும். சட்டம் மணியை எண்ணும். அந்த மணிக்குள் கை எத்தனை முறை ஓட வேண்டும் என்பதை எண்ணாது. ஊர் எல்லையில் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பதும் பயணமும் சட்டப்படி வேலை நேரமல்ல. போதாததற்கு, பகல் உறக்கத்தைக் காக்கவும் உலை வைக்கவும் வீட்டில் முன்பிருந்த ஆளே இப்போது ஆலைக்குப் போகிறார். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டனர், ஆண்கள் 97. அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான்.

காட்டு வேலை மட்டும் சுகமா என்று கேட்கலாம். இல்லை. சின்ன வெங்காயம் ஊன்றி, களையெடுத்து, பிடுங்கி, தாள் அறுத்துப் பட்டறை போடும் வரை குனிந்த முதுகு நிமிராது. வார விடுமுறை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. மாதச் சம்பளம் பெண்ணின் கைக்கு வருவது பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் காட்டு வரப்பில் மரக்கிளையில் தூளி கட்டலாம், தையல் வரிசையில் கட்ட முடியாது. நெகிழ்வான நேரம் வந்தால் தீராதா என்பது இன்னொரு கேள்வி. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவை 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுத்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்ற வாதம் கணக்குக்குச் சரி. போக வர இரண்டு மணி நேரம் சேர்த்தால் வேலை நாளில் மிஞ்சுவது பத்து மணி. பிள்ளைக்கோ பசி ஏழு நாளும் எடுக்கும்.

விடுபட்ட அந்த நேரத்தைத் தொட்டவை தொழிலாளர் சட்டங்கள் அல்ல, வேறு நோக்கத்தில் வந்த நலத்திட்டங்கள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம் பள்ளி வருகைக்காக வந்தது; வேனுக்கு ஓடும் தாயின் காலையிலிருந்து ஒரு வேளைச் சமையலையும் இறக்கிவைத்தது. நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தாலே பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்தச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ 30 பெண்களுக்கு மேல் இருந்தால் ஆலையிலேயே குழந்தைகள் காப்பகம் கேட்டது. கைக்குழந்தையை விடியலில் வேனில் ஏற்றிக் கொண்டுபோக முடியாத தாய்க்கு அது எட்டாத வசதி; காப்பகம் வேன் புறப்படும் ஊரில் இருக்க வேண்டும். அங்கே அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. முதல் ஷிப்ட் வேன் போன பிறகுதான் அதன் கதவு திறக்கிறது. அந்த நேரத்தை மாற்ற ஓர் அரசாணையும் கூடுதலாக ஒரு பணியாளரும் போதும்.