பேயின் நகமும் பொறியாளன் கையும்

பேய்க்கு நகம் உண்டா? உண்டு என்பதுபோல் ஒரு முறை ஜப்பானியப் பொறியாளர்கள் பெயர் சூட்டினர். என்ஜின் அறையின் உட்சுவரில் வரிவரியாக விழுந்த தடங்களுக்கு அவர்கள் இட்ட பெயர், 'பேயின் நகக்கீறல்'! பெயர்தான் பேயினுடையது. அதைப் போக்க அவர்கள் தேடியது மந்திரவாதியை அல்ல, காரணத்தை! அந்தத் தேடலின் வரலாறு, இன்று தன் வீட்டுக் கொட்டகையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் என்ஜினைப் பிரித்து, மீண்டும் கட்டி எழுப்பும் எளிய மனிதன் வரையில் நீண்டு வருகிறது. பகுத்தறிவுப் பாதையில் நடப்போர் அறியத்தக்க வரலாறு அது.

சாதாரணக் காரின் என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஓடி, நின்று, திரும்பி, மீண்டும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றிய பிறகே சக்கரம் உருளுகிறது. சக்கரத்துக்கு வேண்டியது சுழற்சிதானே, அதை நேராகவே பெற்றால் என்ன? கேள்வி கேட்டவர் பலர். விடையைப் பொறியாக்கிக் காட்டியவர் பெலிக்ஸ் வான்கெல்.

1902-இல் ஜெர்மனியின் லார் நகரில் பிறந்தவர். தந்தையை முதல் உலகப் போர் விழுங்கிற்று. பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். ஹைடல்பெர்க் நகரில் புத்தக விற்பனைத் தொழிலில் இருந்துகொண்டே, 1924-இல் சிறு பட்டறை ஒன்றை அமைத்தார். 1929-இல் சுழல் என்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். 1951-இல் என்.எஸ்.யு. நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1957 பிப்ரவரி முதல் நாள் பொறி சுழன்றது! அந்நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அதை எளிமைப்படுத்தி, இன்றுள்ள வடிவைத் தந்தார். பட்டம் பெறாத வான்கெலுக்கு, மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1969-இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் அது வரலாறாகாது, துதிபாடலாகும். இதே வான்கெல், இளமையிலேயே இட்லரின் கட்சியில் சேர்ந்தவர். உட்கட்சிப் பூசலில் அதை விட்டு விலகி, 1933-இல் அதே கட்சியாரால் சிறையில் தள்ளப்பட்டவர். அதன் பின்னரும் 1940-இல் எஸ்.எஸ். படையில் பதவி ஏற்றவர்! அறிவு இருந்தது, அந்த அறிவு மனித சமத்துவத்தின் பக்கம் நிற்கவில்லை. பொறிக்கு இனமில்லை, பொறி செய்தவன் நெஞ்சில் இனவெறி இடம்பெற்றது. கண்டுபிடிப்பை ஏற்போம், கண்டுபிடித்தவனைக் கடவுளாக்க மாட்டோம். இதுவும் பகுத்தறிவுப் பாடமே.

பொறியின் அமைப்பைப் பார்ப்போம். இடை சிறுத்த முட்டை வடிவிலான அறை. அதனுள்ளே, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி. சுழலி ஒரு முறை சுற்றினால் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். வால்வு இல்லை, பிஸ்டன் தண்டு இல்லை. இரு சுழலிகள் கொண்ட என்ஜினில் முதன்மையான இயங்கு உறுப்புகள் மூன்றே! ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உண்டு. அவை சுவரை ஒட்டியபடியே ஓடி, எரிவாயு கசியாமல் காக்க வேண்டும். எளிமை அனைத்தும் அந்த மெல்லிய தகடுகளையே நம்பி நின்றது. அவை தேய்ந்தன. 1967-இல் வந்த என்.எஸ்.யு. ரோ 80 கார் பாராட்டும் பரிசும் பெற்றது; தேய்ந்த என்ஜின்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நலிந்தது. 1969-இல் வோக்ஸ்வாகன் குழுமத்துள் ஆடியுடன் இணைந்தது.

ஜப்பான் என்ன செய்தது? அணுகுண்டு தாக்கிய ஹிரோஷிமாவில் இயங்கியது டோயோ கோக்யோ. பின்னாளில் மாஸ்டா எனப் பெயர் பெற்ற நிறுவனம். 1961-இல் என்.எஸ்.யு.வுடன் உடன்பாடு செய்துகொண்டது. 1963-இல் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் ஆராய்ச்சியில் இறங்கினர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற யாமமோட்டோ, 1946-இல் இந்நிறுவனத்தில் சேர்ந்தபோது தொழிற்கூடத்தில் கைவேலை செய்தவர். கற்ற தலையும் கறை படிந்த கையும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன!

பேயின் நகக்கீறலுக்குக் காரணம் என்ன? சீல் ஓடும்போது அதிர்கிறது, அதிர்ந்து துள்ளுகிறது, துள்ளி விழுமிடத்தில் சுவரைக் குதறுகிறது. சீலில் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றினர், கீறல் மறைந்தது. பின்னர் அலுமினியம் ஊட்டிய கரியால் சீல் செய்தனர். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1978-இல் ஆர்.எக்ஸ்.-7 வந்து, 2002 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயிற்று. 1991-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி முதலிடம் பெற்றது. பேய் தோற்றது, பௌதிகம் வென்றது!

இனி, வீட்டுக் கொட்டகைக்கு வருவோம். அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் ஆர்.எக்ஸ்.-7 வைத்திருப்போர் பலர், தம் கையாலேயே என்ஜினைப் புதுப்பிக்கின்றனர். முதலில் நோய் அறிகின்றனர். முனைச் சீல் ஒன்று உடைந்தால், அதன் இருபுறமுள்ள இரு அறைகளும் அழுத்தம் இழக்கும். அழுத்தமானி ஒரு துடிப்பை வலுவாகவும் இரண்டை நலிவாகவும் காட்டும். ஆரூடம் வேண்டாம், காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

ஃப்ளைவீலை இறுக்கியிருக்கும் 54 மில்லிமீட்டர் நட்டுதான் முதல் எதிரி. நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டி, உடல் பாரத்தைக் கொடுத்தால்தான் அசையும். பின், அடுக்கடுக்காக இருக்கும் பாகங்களைப் பிணைத்த நீண்ட போல்ட்டுகளை முறைப்படி, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஒவ்வொரு சீலையும், அது இருந்த இடத்தைக் குறித்துத் தனித்தனியே வைக்க வேண்டும். பிறகு அளவு! இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள சீல், புதிதாக 8 மில்லிமீட்டர் உயரம், 6.5-க்குக் குறைந்தால் பயனில்லை. அறையின் குரோமியப் பூச்சு உரிந்திருந்தால், எவ்வளவு அழகாக மினுக்கினாலும் அது குப்பைதான். மீண்டும் பூட்டும்போது வாசலின் தடவிச் சீல்களை நிலைநிறுத்தி, போல்ட்டுகளை வரிசைப்படி இறுக்கி, நடுத்தண்டின் நீளவாட்டு அசைவை அளக்கின்றனர். 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிப்பளவே இடம்! அங்கே பரம்பரைப் பெருமை நுழையாது. குலம் கேட்காது அளவுகோல்.

இந்தப் பொறி குறையற்றதா? அல்ல. எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும், எண்ணெயையும் எரிக்கும், புகைச் சட்டங்கள் இறுகியபோது திணறிற்று. ஆர்.எக்ஸ்.-8 கார் 2012-இல் நின்றது. 2023-இல் மின்காருக்குள் மின்னாக்கியாக மட்டும் மாஸ்டா அதை மீட்டது. குறையை மறைப்பது பக்தி. குறையை அளப்பது அறிவு.

தோழர்களே! கருவியைத் தொடுபவன் தாழ்ந்தவன், ஏட்டைத் தொடுபவன் உயர்ந்தவன் என்று வகுத்தவர்கள், கையையும் தலையையும் வெட்டிப் பிரித்தார்கள். கை அறிவை இழந்தது. தலை உண்மையை இழந்தது. கருவிக்குப் பொட்டிட்டு வணங்கினால் அது பேசாது. பிரித்துப் பார், அளந்து பார், ஏன் என்று கேள். அப்போது பேசும். பேயின் நகம் என்று உலகம் சொல்லும் ஒவ்வொரு கீறலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடும் கை எவருடையதாயினும், அது அறிவின் கை!