கிழிந்த உறையில் கிடக்கும் வரலாறு!

அரசன் கல்லில் வெட்டியதை வரலாறு என்றனர். புலவன் ஏட்டில் தீட்டியதையும் வரலாறு என்றனர். ஏழையின் கடிதத்து மூலையில் ஒட்டிக்கொண்டு, முத்திரை அடி தாங்கி, கடல் கடந்து வந்து சேர்ந்த சின்னஞ்சிறு தாளை மட்டும் குப்பை என்கின்றனர்! முறைதானா இது?

அந்தத் தாள் பிறந்த கதையைக் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்திலே, கடிதத்தைப் பெறுபவனே பெரும்பாலும் கூலி கொடுத்தாக வேண்டும். தொலைவு வளர வளரக் கட்டணமும் வளர்ந்தது. இல்லாதவன் தன் மகன் எழுதிய மடலைக்கூட வாங்க வழியின்றி ஏங்கினான். பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த சீமான்களுக்கோ அஞ்சல் இலவசம்! 1837இல் ரோலண்டு ஹில் இந்தக் கொடுமையைக் கணக்குக் காட்டிக் கண்டித்தார். எடைக்கேற்ற ஒரே கட்டணம், அதை அனுப்புவோரே செலுத்துவது என்றார். 1840 மே 6 முதல் 'பென்னி பிளாக்' அஞ்சல் தலை வழக்கிற்கு வந்தது. அரை அவுன்சு மடல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் நடந்தது. சீர்திருத்தம் ஈன்ற செல்வம் அஞ்சல் தலை!

அதன் முதுகிலே பசை. நீர் பட்டால்தான் ஒட்டும். ஈரக்காற்று வீசும் வெப்ப நாடுகளிலோ, எடுக்குமுன்பே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1961 ஏப்ரல் 27இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடாகிய சியரா லியோன், 1964 பிப்ரவரியில் புதுவழி கண்டது. நியூயார்க் உலகப் பொருட்காட்சியை ஒட்டி, நீரின்றித் தானே ஒட்டும் தலையைத் தன் நாட்டுப் படத்தின் வடிவிலேயே வெட்டி வெளியிட்டது. உலகில் அதுவே முதல். நேற்று அடிமை எனப்பட்ட நாடு, இன்று உலகுக்கு முன்னோடி!

அந்தத் தலைகளைத் தாங்கிய பின்தாளிலே விளம்பரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. தலையை உரித்துக்கொண்டு தாளை எறிந்தவன், பாதிச் சான்றையும் எறிந்தவனானான்.

1974இல் அமெரிக்கா கிறிஸ்துமசுக்காகப் புறா வடிவக் காற்றுகாட்டி பொறித்த 10 சென்ட் தலையை வெளியிட்டது. எடுத்து மறுமுறை ஒட்டாதிருக்கக் குறுக்கே கீறல்களும் இட்டது. நடந்தது என்ன? செலவு மிகுந்தது, பசை தாளை ஊடுருவிப் பழுப்பேற்றியது. 1989இல்தான் அந்நாடு மீண்டும் துணிந்தது.

பின்னர், பசைக்கும் தாளுக்கும் இடையே நீரில் கரையும் ஒரு படலம் வைத்தனர். சேகரிப்போர் மகிழ்ந்தனர். ஆனால் 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தலைகளில் அப்படலம் மறைந்தது. 2009இல் பிரிட்டன் பாதுகாப்புக் கீறல்களோடு வெளியிட்ட அன்றாடத் தலைகளிலும் அது இல்லை. இவற்றை நீரில் இட்டால் பசை விடாது, தாள்தான் நையும்.

ஆனாலும், "முன்னோர் நீரில் ஊறவைத்தனர், நாமும் ஊறவைப்போம்" என்போர் உண்டு! முன்னோர் ஊறவைத்ததற்குக் காரணம் இருந்தது: அவர்கள் காலத்துப் பசை நீரில் கரைந்தது. காரணம் போனபின் காரியத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுவது அறிவுடைமையா? அழிவது யார் பொருள்?

ஆகவே இளைஞர்களே, உரிக்காதீர்கள். உறையோடு சுற்றிலும் சிறிது இடம் விட்டு வெட்டுங்கள். முத்திரையில் ஊரும் நாளும் தெளிவாய்த் தெரிந்தால் முழு உறையையே காப்பாற்றுங்கள். சில தலைகள் எடுக்கப்பட்ட பின்தாளை மடிக்காதீர்கள். எஞ்சிய பசை வேறொன்றைப் பற்றாதிருக்க, சிலிக்கோன் பூசிய வழுவழுப்பான தாளை மேலே இடுங்கள். வெப்பமும் ஈரமும் வெயிலும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

மன்னர்களின் கல்வெட்டைக் காக்க அரசுத் துறைகள் உண்டு. மக்களின் மடலைக் காக்க மக்களே உண்டு. குப்பைக் கூடையை நோக்கி நீளும் கையே, சற்று நில்! நீ எறியப்போவது தாளை அன்று. எளியோன் எழுதினான், எளியோன் படித்தான் என்பதற்கான சான்றை!