உரோமானிய வேளாண் நூல்களில் மந்தைக் காவல்நாய்: இனமும் பேணலும்

முன்னுரை

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள அப்ருட்சோ மலைகளில் ஆட்டுமந்தைகளைக் காத்துவரும் பெரிய வெண்ணிற நாய், மரெம்மா-அப்ருட்சோ மேய்ப்பு நாய் எனப்படுகிறது. வளர்ந்த ஆண் நாயின் எடை 35 முதல் 45 கிலோ ஆகும். உரோமானிய வேளாண் நூல்கள் வெண்ணிறக் காவல்நாயைக் குறிப்பிடுவதால், இது ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத இனம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அந்நூல்கள் சான்றளிப்பது இனத்தின் தொடர்ச்சிக்கா, வளர்ப்புமுறையின் தொடர்ச்சிக்கா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கி.மு. 37 அளவில் வார்ரோ இயற்றிய வேளாண் நூலின் இரண்டாம் பகுதியும், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கொலுமெல்லாவின் வேளாண் நூலின் ஏழாம் பகுதியும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

நிறமும் உடலும்

வார்ரோ மந்தை உடைமையாளர். அவருடைய ஆடுகள் குளிர்காலத்தில் தெற்கே அப்பூலியாவிலும், கோடையில் ரியாத்தே மலைகளிலும் மேய்ந்தன. ஓநாயும் கள்வரும் நிறைந்த நெடுவழியில் நாயின்றி மந்தை கடப்பது அரிது. இருளில் எளிதில் தெரியும் என்பதால் அவர் வெண்ணிற நாயை விரும்புகிறார். புலரியிலும் அந்தியிலும் ஓநாய் எனக் கருதி இடையர் நாயைத் தாக்கிவிடக் கூடாது என்பது கொலுமெல்லா கூறும் காரணம். அவரே பண்ணைவீட்டுக் காவலுக்குக் கருநிற நாயைப் பரிந்துரைக்கிறார். கள்வனை அச்சுறுத்த அந்நிறமே ஏற்றது என்பது அவர் கருத்து. மந்தைநாய் வேட்டைநாயைப் போல் மெலிந்தும், வீட்டுக்காவல் நாயைப் போல் பருத்தும் இருத்தலாகாது என்றும் கூறுகிறார். ஆகவே நிறமும் உடலும் பணி நோக்கிய தேர்வுகளே எனலாம்.

வார்ரோ மரபுவழியையும் கருதுகிறார் என்பது உண்மை. ஒரே வழித்தோன்றலான நாய்கள் ஒன்றையொன்று காக்கும் என்பதே அதற்கு அவர் தரும் காரணம். அங்கும் தோற்றத்தைவிடப் பணியே முன்னிற்கிறது.

வாங்குதலும் பேணலும்

வேட்டைக்காரரிடமும் இறைச்சி விற்போரிடமும் நாய் வாங்கலாகாது என்கிறார் வார்ரோ. முன்னவரின் நாய் முயலையோ மானையோ கண்டால் மந்தையை விட்டு ஓடும். பின்னவரின் நாய் மந்தையைத் தொடரச் சோம்பும். பாலில் ஊறிய வாற்கோதுமை ரொட்டியை உணவாகக் கொடுக்க வேண்டும். பசித்த நாய் உணவு தேடி மந்தையை விட்டகலும். இறந்த ஆட்டின் இறைச்சியை உண்ணவிடலாகாது. ஈக்களும் உண்ணிகளும் புண்ணாக்காதிருக்க, நீரில் அரைத்த பாதாம் பருப்பைக் காதுகளிலும் விரலிடுக்குகளிலும் பூச வேண்டும். ஆணிகள் பதித்த தோல் கழுத்துப்பட்டை அணிவிக்க வேண்டும். அதன் உட்புறம், இரும்பு கழுத்தை உறுத்தாதவாறு மென்தோல் தைக்கப்பட வேண்டும். பட்டை அணிந்த நாயிடம் ஒருமுறை காயமுற்ற விலங்கு, பட்டையற்ற நாய்களையும் அஞ்சும் என்கிறார்.

பிணைப்பு

அவர் நூலில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. அமிதெர்னும் ஊரினரான அவுஃபிதியுசு பொந்தியானுசு, உம்பிரியாவில் மந்தைகளை நாய்களோடு விலைக்கு வாங்கினார். இடையர்கள் விற்பனையில் அடங்கவில்லை. மந்தையைத் தெற்கே மெட்டாபொந்தும் பகுதியில் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பினர். சில நாள்களில் நாய்கள், வழியில் தாமே இரை தேடிக்கொண்டு, பல நாள் தொலைவைக் கடந்து உம்பிரியாவிலிருந்த இடையரிடம் சென்று சேர்ந்தன. நாய் ஆடுகளைவிட இடையரிடமே உறுதியாகப் பழகும் என்பது வார்ரோவின் முடிவு. நாயை விலைக்கு வாங்கலாம். அதன் பிணைப்பை வாங்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

1970களில் அமெரிக்காவின் ஆம்ப்சயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் ஆகியோர் தொடங்கிய திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதில் குட்டிகள் இளம்பருவத்திலேயே ஆடுகளிடையே வளர்க்கப்பட்டன. இடையர் எப்போதும் உடனிராத மேய்ச்சல் நிலங்களில் பிணைப்பு ஆடுகளின்பால் அமைவது தேவையாயிற்று. பிணைப்பின் இலக்கு மாறியது. அதன் இன்றியமையாமை மாறவில்லை.

முடிவுரை

இத்தாலியில் 1971இல் ஓநாய் வேட்டை தடைசெய்யப்பட்டது. ஓநாய் முற்றிலும் மறையாத அப்ருட்சோவில் காவல்நாய் வளர்ப்பும் அறுபடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓநாயை இழந்த பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் நிலை வேறு. 1992இல் ஓநாய் அங்கு மீண்டும் காணப்பட்டபின், பிரனீஸ் மலைநாய்களைக் கொணர்ந்த ஆயர்கள் அவற்றை மந்தையோடு பழக்கும் முறையையும் புதிதாகக் கற்க நேர்ந்தது. இனத்தை வேறிடத்திலிருந்து பெற இயலும். அறுபட்ட வளர்ப்பறிவைப் பெறுவது எளிதன்று. உரோமானிய நூல்களில் உறுதியாகக் காணக்கிடைப்பது இவ்வளர்ப்பறிவே. இன வரலாறு என எழுதப்படுவதை இடையர் தொழிலின் வரலாறாகவும் வாசிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.