கொட்டலசு: படகடியில் ஒட்டிய மணி

முதுகுளத்தூரிலிருந்து கடலாடி, சாயல்குடி வழியாகத் தெற்கே போனால் மூக்கையூரில் கடல் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகள் கரையேறும். அவற்றின் அடிப்பலகையில் காறைபோல் இறுகிக் கிடக்கும் கூம்புகளை ஆட்கள் சுரண்டிப் பெயர்ப்பார்கள். அதுதான் கொட்டலசு. பார்வைக்குச் சிப்பியின் பங்காளி. உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் இளவுயிரியைக் கண்டு சொல்லும்வரை அறிஞர்களும் சிப்பியோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள்.

கொட்டலசு ஒன்றல்ல, பல இனம். அலை ஏறி இறங்கும் பாறையில் வாழும் டெட்ராகிளிடாவுக்குச் சுவர்த் தகடு நான்கு. வற்றுமட்டத்துக்குக் கீழே, கப்பலடியிலும் மிதவையிலும் பருத்து வளரும் மெகாபலானஸ் டின்டினாபுலத்துக்கு ஆறு. இதில் டின்டினாபுலம் என்பது 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். லத்தீனில் அதற்கு மணி என்று பொருள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள், ஐந்து சென்டிமீட்டரையும் எட்டும் உயரம்.

நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். துறைமுகங்களில் மலிந்த ஆம்பிபலானஸ் ஆம்பிட்ரைட்டுக்கும் ஆறு தகடு, ஊதாக் கோடு. ஒன்றை உடைத்து, தகடுகளை இணைக்கும் பட்டையின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மெகாபலானஸ் என்றால் அந்தப் பட்டைக்குள்ளும் நுண்குழாய்கள் ஓடும். ஆம்பிபலானஸில் அது கெட்டியாக இருக்கும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு, நாப்ளியஸ் என்ற நிலையில் ஆறு கட்டம் நீந்தித் திரியும். அடுத்து வரும் சிப்ரிட் எதையும் உண்ணாது. இடம் தேடுவதே அதன் ஒரே வேலை. இடம் பிடித்ததும் உணர்கொம்பால் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்கக் காலை வீசி இரையை வாய்க்குத் தள்ளும். ஒட்டிய இடத்தைவிட்டு நகர முடியாததால் பக்கத்து வீட்டோடுதான் இணைசேர்க்கை. அதற்காகவே உடலைவிடப் பலமடங்கு நீளும் ஆணுறுப்பு. டார்வின் கொட்டலசுகளை ஆராய எட்டு ஆண்டு செலவிட்டார், 1854வரை.

மன்னார் வளைகுடாவில் கொட்டலசின் தொல்லை படகோடு நிற்கவில்லை. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1970களில் வேப்பலோடையில் முத்துச்சிப்பி வளர்த்தபோது, சிப்பியின் ஓட்டிலேயே கொட்டலசு குடியேறியது. சிப்பிகளை அடிக்கடி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

தடைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால், பெயர்த்துப் போட்ட குவியலில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் தகடுகளை எண்ணுங்கள். பிறகு உடைத்துப் பாருங்கள்.