‘இடா’: காலியான வீட்டின் வரலாறு

பவெல் பவ்லிகோவ்ஸ்கி இயக்கிய ‘இடா’ (2013) குறித்து எழுதுவோர் அதன் காட்சியழகிலிருந்து தொடங்குவது வழக்கம். கறுப்பு வெள்ளை, ஏறத்தாழச் சதுரமான சட்டகம், அதன் அடிவிளிம்பில் ஒதுங்கிய முகங்கள், தலைக்கு மேல் வெறும் வெளி. அவ்வெளியைக் கடவுளின் இருப்பாகவும் வாசிக்கலாம், இன்மையாகவும் வாசிக்கலாம். வரலாறு பயில்வோர் பார்க்க வேண்டியது, படத்தின் நடுவே நிற்கும் ஒரு வீட்டை என்பேன்.

கதை நிகழ்வது 1962இல். கன்னியர் மடத்தில் வளர்ந்த அன்னா, துறவு வாக்குறுதி ஏற்கும் முன், தாயின் சகோதரியான வாண்டாவைக் காணச் செல்கிறாள். தான் யூதப் பெண் என்பதையும் தன் பெயர் இடா என்பதையும் அங்கேதான் அறிகிறாள். பெற்றோரின் பழைய வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாழ்கிறது. போர்க்காலத்தில் அவர்களை ஒளித்துவைத்து உணவளித்தது அக்குடும்பமே. கொன்றவனும் அக்குடும்பத்து மகனே. புதைத்த இடத்தைக் காட்ட அவன் கேட்கும் விலை, வீட்டின்மீது அவர்கள் உரிமை கோரக் கூடாது என்பது.

போலந்தில் ஏறத்தாழ 30 லட்சம் யூதரைக் கொன்றொழித்தது நாஜி ஜெர்மனியின் திட்டம். யூதருக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என 1941 அக்டோபரில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஆணையிட்டது. படத்தில் ஒரு ஜெர்மானியர்கூட இல்லை. ஆகவே இவ்வுண்மைகளை விளக்கும் வாசகங்கள் சேர்க்கப்பட வேண்டுமெனப் போலந்தில் மனு இயக்கம் எழுந்தது. கோரிக்கை முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆனால் தண்டனை அச்சம் கொலையை ஒருவாறு விளக்கக்கூடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் வீட்டை வைத்துப் பேரம் பேசுவதை விளக்காது. யெட்வாப்னே ஊரில் 1941 ஜூலை 10 அன்று நடந்த படுகொலையில் உள்ளூர்ப் போலந்தியரின் பங்கை யான் கிராஸ் 2000இல் நூலாக எழுதியபோது எழுந்த சீற்றத்தின் தொடர்ச்சியாகவே இம்மனுவைக் காண்கிறேன்.

எனக்குள்ள உறுத்தல் வாண்டாவைப் பற்றியது. ஸ்டாலின் காலத்தில் மரண தண்டனை கோரிய அரசு வழக்குரைஞர் அவர். ஹெலெனா வோலின்ஸ்கா என்ற உண்மையான வழக்குரைஞரின் சாயல் அப்பாத்திரத்தில் உண்டு. ‘யூதர் என்றால் கம்யூனிஸ்ட்’ என்னும் பழைய வசைக்கு இப்பாத்திரம் இடமளிக்கிறது எனச் சில போலந்து விமரிசகர்கள் சுட்டியதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

புதைகுழி அருகே இடா கேட்கிறாள், தான் ஏன் அதற்குள் இல்லை என்று. கைக்குழந்தையான அவளை யூதப் பிள்ளை என எவரும் அறிந்துகொள்ள முடியாது என்பது கொன்றவனின் விடை. வாண்டாவின் மகனோ விருத்தசேதனம் செய்யப்பட்டவன், ஆகவே தப்பவில்லை. இடாவைப் பாதிரியாரிடம் ஒப்படைத்தவனும் அவனே.